யாரிடமிருந்து பூட்டுவது?

செட்டிநாட்டில், கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு பெரிய வீட்டுக்குள் நுழைந்தால் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் போய் முடியும். வளவின் முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள். மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அவனும் மனைவியும் ஒரு புள்ளி. அவர்களுக்கென்று ஓர் அறை. பிறகு ஒருநாள் 'வேறு வைப்பார்கள்'. கூரையும் முற்றமும் பொதுவாகவே இருக்கும், அடுப்பு மட்டும் தனியாகிவிடும். சீர்ப் பாத்திரம், நகை, பத்திரம் எல்லாம் அறைக்குள். அறைக்குத் தனிப் பூட்டு, சாவி மருமகளின் இடுப்பில்.

அந்தப் பூட்டைத் தெருவில் போகிற திருடனுக்காகப் போடவில்லை. அவனுக்கு முகப்பில் தேக்குக் கதவு நிற்கிறது. அறைப் பூட்டு, ஒரே முற்றத்தில் மிளகாய் காயப்போடுகிற மனிதர்களுக்காக. அவர்கள் மேல் வெறுப்பு ஒன்றும் கிடையாது. தினமும் முகம் பார்த்துப் பேசுகிறவர்களிடம்தான் சிலதைச் சொல்லாமல் வைக்க வேண்டியிருக்கிறது.

தனியுரிமையை முன்னால் வைத்து மென்பொருள் செய்யப் புறப்படுகிற சிறு நிறுவனங்கள் ஏன் வாங்க ஆளில்லாமல் மூடுகின்றன என்று கேட்டால், என் பதில் இந்த அறைப் பூட்டிலிருந்துதான் தொடங்கும். அவர்கள் எல்லோரும் முகப்புக் கதவையே மறுபடி மறுபடி செய்கிறார்கள். அமெரிக்க நிறுவனம் உங்களை வேவு பார்க்கிறது, விளம்பரக்காரன் பின்தொடர்கிறான், அதற்கு எங்கள் செயலி என்கிறார்கள். அந்த அச்சம் பொய்யில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகச் சொன்னது இந்த நாட்டுக்குப் பெரிய நாள். ஆனால் உரிமை என்று ஒப்புக்கொள்வது வேறு, மாதம் நூறு ரூபாய் கொடுத்து வாங்குவது வேறு. கையிலிருந்து காசு எடுக்கிறவர் முதலில் கேட்பது, "இது யாரிடமிருந்து காக்கும்?"

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். காரைக்குடியில் நாலைந்து இளைஞர்கள் சேர்ந்து குடும்ப ஆவணப் பெட்டகம் ஒன்றைச் செயலியாகச் செய்கிறார்கள் என்று வையுங்கள். இந்த வட்டாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான யோசனை கிடைக்காது. ஒரு பெரிய வீட்டுக்கு இன்று இருபது, முப்பது பங்குதாரர்கள். சிலர் சென்னையில், சிலர் சிங்கப்பூரில், மலேசியாவில், அமெரிக்காவில். விற்கவோ இடிக்கவோ விடுதிக்குக் குத்தகைக்கு விடவோ எல்லோர் கையெழுத்தும் வேண்டும். மூலப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, வரி ரசீது எல்லாம் ஆளுக்கொரு பக்கம். செயலியில் முனைக்கு முனை குறியாக்கம், அதாவது சர்வரில் இருப்பதை நிறுவனத்தாராலேயே படிக்க முடியாது; விளம்பரமும் கிடையாது. கேட்கிற எல்லோரும் நல்ல காரியம் என்பார்கள். 'நல்ல காரியம்' என்ற சொல்லுக்கு எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பணம் கொடுக்க மனம் இல்லாத இடத்தில் வருகிற சொல் அது.

பங்குதாரருக்கு அந்த நிறுவனத்தின் சர்வர் மேல் ஒரு பயமும் இல்லை. அவருடைய பயமெல்லாம் பங்காளி மேல். தன் பங்கை என்ன விலைக்குக் கேட்டிருக்கிறார்கள் என்பது சின்ன அண்ணனுக்குத் தெரியக் கூடாது. ஆனால் சின்ன அண்ணனிடம் இருக்கிற 1950-களின் பத்திர நகல் தனக்கு வேண்டும். உயில் எழுதியாகிவிட்டது என்பது தெரியலாம், உள்ளே என்ன இருக்கிறது என்பது கூடாது. வக்கீல் பார்க்கலாம், வழக்கு முடிகிற வரை மட்டும். குழு ஒரு வருடம் செலவழித்துச் செய்த குறியாக்கம் இந்தக் கேள்விகளில் ஒன்றுக்கும் பதில் சொல்லாது. இவருக்கு வேண்டியது ஆவணத்துக்கு ஆவணம் தனி அனுமதி, ஆளுக்கு ஆள் தனி அனுமதி, தேதி வைத்த அனுமதி, யார் எப்போது திறந்தார் என்ற பதிவு. எல்லாவற்றுக்கும் மேலாக, தன்னிடம் அப்படி ஓர் ஆவணம் இருக்கிறது என்பதே மற்றவர் பட்டியலில் தெரியாமல் இருக்க வேண்டும். 'பூட்டியது' என்று ஒரு சின்னப் பூட்டுப் படத்தோடு காட்டினால் அதுவே சண்டைக்கு வித்து. "அதில் என்ன வைத்திருக்கிறாய்?" என்று அன்று சாயங்காலமே தொலைபேசி வரும்.

நகை அடகுக் கடைக்கு மென்பொருள் செய்கிறவர்களும் இதே குழியில் விழுகிறார்கள். வாடிக்கையாளர் பெயர், எடை, தொகை எல்லாவற்றையும் 256 பிட் குறியாக்கத்தில் வைத்துவிட்டோம் என்று பெருமையாகச் சொல்வார்கள். பிறகு அதே மென்பொருள் தவணைத் தேதிக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பும்: இன்னார் அவர்களே, உங்கள் நகைக் கடன் வட்டி இவ்வளவு பாக்கி. வீட்டில் இருப்பது ஒரே போன். அது அந்த நேரம் மாமியார் கையிலோ பள்ளிக்கூடப் பிள்ளை கையிலோ இருக்கும். பூட்டிய திரையிலேயே முதல் வரி தெரியும். யாருக்கும் தெரியாமல் வளையலை வைத்துப் பிள்ளைக்குக் கட்டணம் கட்டிய பெண்ணின் அந்தரங்கம் அந்த ஒரு வரியில் போய்விட்டது. தரவுத்தளத்தை எவனும் உடைக்கவே இல்லை. கடைப் பெயரோ 'கடன்', 'நகை' என்ற சொற்களோ இல்லாமல் செய்தியை எழுதுவது, எந்த நேரத்தில் எந்த எண்ணுக்கு அனுப்பலாம் என்று அடகு வைக்கும்போதே கேட்டுச் சீட்டில் குறிப்பது, செய்தி வேண்டாம் என்றால் விட்டுவிடுவது: மூன்றுக்கும் சேர்த்து இரண்டு நாள் வேலை. கடைக்காரர் இதைக் காசு கொடுத்து வாங்குவார். அவர் தொழிலே வாடிக்கையாளரின் மானத்தைக் காப்பதில் ஓடுகிறது. பக்கவாட்டு வாசலும் திரைச்சீலையும் அதற்குத்தான் வைத்திருக்கிறார்.

எதை மறைப்பது, எதைத் திறந்து வைப்பது என்பது இந்த ஊருக்குப் புதிய கலையும் அல்ல. நகரத்தார் ரங்கூனிலும் கொழும்பிலும் வட்டிக்கடை நடத்திய காலத்தில் நடப்பு வட்டி விகிதம் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. கூடிப் பேசி வைத்ததுதான். எந்த விலாசத்தின் (கடைப் பெயரின்) உண்டியல், அதாவது பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டு, செல்லும், எது செல்லாது என்பதும் ஊரறிந்தது. ஆனால் ஒரு கடையின் பேரேட்டில் யார் பெயரில் எவ்வளவு நிற்கிறது என்பது கடையை நடத்தும் மேலாளுக்கும் முதலாளிக்கும் மட்டும். அடுத்தாளுக்கு ஓரளவு தெரியும், பெட்டியடிப் பையனுக்குத் தன் பெட்டி மட்டும். ஐந்தொகை எடுத்து ஊருக்கு அனுப்புவார்கள். இன்று மென்பொருளில் 'பொறுப்புக்கு ஏற்ற அனுமதி' என்று வகுப்பெடுக்கிற விஷயம் இதுதான். அந்தக் கடைகளில் ரகசியம் தனிச் சரக்காக விலைக்குப் போகவில்லை. பணம் போட்டால் வட்டியோடு திரும்பி வரும் என்பது சரக்கு. கமுக்கம் அந்தச் சரக்கோடு சேர்ந்தே வந்தது.

அந்தரங்கத்துக்கு மனிதர்கள் என்ன விலை கொடுப்பார்கள் என்று கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் அலெசாண்ட்ரோ அக்விஸ்டியும் உடன் ஆய்வாளர்களும் ஒரு வணிக வளாகத்தில் சோதித்தார்கள். 2013-ல் வெளிவந்த ஆய்வு. ஒரு பரிசு அட்டை 10 டாலர், அதில் செலவு செய்தால் பெயர் பதியாது. இன்னொன்று 12 டாலர், பெயரோடு பதியும். முதலில் 10 டாலர் அட்டையைக் கையில் கொடுத்து, மாற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்டபோது பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள் மறைவான அட்டையையே வைத்துக்கொண்டார்கள். முதலில் 12 டாலர் அட்டையைக் கொடுத்துக் கேட்டபோது, மறைவான அட்டைக்கு மாறியவர் பத்தில் ஒருவர்தான். கையில் இருக்கிற அந்தரங்கத்தை விட்டுக்கொடுக்க மனம் வராது. போய்விட்டதை இரண்டு டாலர் கொடுத்துத் திரும்ப வாங்கவும் மனம் வராது. இன்றைக்குப் போன் வைத்திருக்கிற ஒவ்வொருவர் கையிலும் இருப்பது அந்த 12 டாலர் அட்டை. தனியுரிமை நிறுவனம் அவர்களிடம் போய் இரண்டு டாலரைத் திருப்பிக் கொடு என்று கேட்கிறது.

இதில் நீவா தேடுபொறியின் கதை எனக்குப் பெரிய பாடம். சென்னை ஐஐடியில் படித்து, கூகுளின் விளம்பரப் பிரிவையே தலைமை ஏற்று நடத்திய ஸ்ரீதர் ராமசாமி, விவேக் ரகுநாதனோடு சேர்ந்து 2019-ல் தொடங்கியது. விளம்பரம் இல்லை, பின்தொடர்வது இல்லை, 2021-ல் அமெரிக்காவில் மாதம் 4.95 டாலர் கட்டணத்தோடு வந்தது. பணத்துக்கோ அறிவுக்கோ அனுபவத்துக்கோ குறைவு இல்லை. 2023 ஜூன் 2 அன்று தேடலை நிறுத்தினார்கள். நிறுவனம் ஸ்னோஃப்ளேக் என்ற தரவு நிறுவனத்திடம் போனது. மூடும்போது அவர்கள் சொன்ன காரணம் நாம் எதிர்பார்ப்பது அல்ல. காசு கொடுக்கச் செய்வது கூட ஒப்பீட்டில் எளிதாக இருந்ததாம்; புதிய தேடுபொறி ஒன்றை முதன்முதலில் தொட்டுப் பார்க்க வைப்பதுதான் அதைவிடக் கடினமாக இருந்திருக்கிறது. உலாவியில் இயல்பாக என்ன வைத்து வருகிறதோ அதை மாற்ற நாலைந்து இடத்தில் அழுத்த வேண்டும். அந்த நாலைந்து அழுத்தல்தான் மதில். கூகுளுக்குள்ளிருந்து வந்தவர்களே தாண்ட முடியாத மதிலைக் காரைக்குடியிலிருந்து தாண்ட வேண்டுமானால் வேறு வாசல் தேட வேண்டும்.

காசுக் கணக்கையும் பார்த்துவிடலாம். நம் பெட்டகச் செயலிக்கு ஆண்டுக்கு 1,200 ரூபாய் விலை வைத்தால், 18 சதவீத ஜிஎஸ்டி போக சுமார் 1,017. பிளே ஸ்டோர் வழியாக வசூலித்தால் 15 சதவீதம் போய்க் கையில் நிற்பது சுமார் 864. இந்த ஊரில் விளம்பரத்தைப் பார்த்து யாரும் பத்திரத்தைப் பதிவேற்ற மாட்டார்கள், ஆள் போய்ப் பேச வேண்டும். ஒருவருக்குச் சம்பளமும் பெட்ரோலும் சேர்த்து மாதம் 26,000 என்றால் வருடத்துக்கு 3,12,000. அவர் ஒரு நாளைக்கு நாலு வீடு, மாதம் 25 நாள், நூறு வீடு ஏறி இறங்கிப் பத்தில் ஒருவர் வாங்கினார் என்று தாராளமாகவே வைப்போம். வருடத்தில் 120 குடும்பம், வரவு 1,03,680. முதல் வருடம் சேர்ந்த அத்தனை பேரும் ஒருவர் விடாமல் மூன்று வருடம் கட்டினால்தான் அந்த ஒரு வருட நடைச் செலவு ஏறத்தாழத் தேறும். நிரல் எழுதுகிறவர் சம்பளம் இன்னும் கணக்கிலேயே வரவில்லை. விலையை 600 ஆகக் குறைத்தால் கூட்டம் வரும் என்பார்கள். வராது. இலவசமாக அரசின் ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கர் 2015 முதல் இருக்கிறது, கூகுள் கணக்கோடு 15 ஜிபி இடம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் 2016 ஏப்ரல் முதலே முனைக்கு முனை குறியாக்கம் இருக்கிறது; பேச்சின் உள்ளடக்கத்தைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. வாங்குகிறவர் கண்ணுக்கு 600-க்கும் 1,200-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை, சும்மா கிடைப்பதற்கும் 600-க்கும் நடுவில் கடலே இருக்கிறது.

சிறு செலவுகளும் எதிர்பாராத இடத்தில் கடிக்கும். கணக்குத் தொடங்க ஒருமுறைக் கடவெண் (ஓடிபி) அனுப்ப வேண்டும். அதற்குத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் தளத்தில் பெயரையும் செய்தி வார்ப்பையும் முன்கூட்டியே பதிய வேண்டும், இல்லாவிட்டால் செய்தி போகாது. உள்நாட்டு எண்ணுக்குக் காசுக் கணக்கில் ஆகும் செலவு, சிங்கப்பூர், மலேசிய எண்ணுக்கு ரூபாய்க் கணக்கில் ஆகும். நம் வாடிக்கையாளரில் பாதிப்பேர் அங்கேதான் இருக்கிறார்கள். சிக்னல் என்ற செய்திச் செயலியை நடத்தும் அமைப்பு 2023-ல் தன் செலவை வெளியிட்டபோது, ஆண்டுக்கு ஏறத்தாழ 1.4 கோடி டாலர் கட்டமைப்புச் செலவில் 60 லட்சம் டாலர் இந்தப் பதிவுச் செய்திகளுக்கே போவதாகச் சொன்னது. சிக்னல் லாப நோக்கில்லாத அறக்கட்டளை. வாட்ஸ்அப்பை உருவாக்கிய இருவரில் ஒருவரான பிரையன் ஆக்டன் 2018-ல் 5 கோடி டாலர் கொடுத்துத் தாங்கியது. அதைக் காட்டி "சிக்னல் ஓடுகிறதே" என்று முதலீட்டாளரிடம் சொல்லக் கூடாது. அன்னதானக் கூடத்தைக் காட்டி ஓட்டலுக்குக் கடன் கேட்பது போல ஆகும்.

2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தன் கொள்கையை மாற்றப் போவதாக அறிவித்ததும் சிக்னலுக்குப் பெரும் கூட்டம் ஓடியது. 2025 செப்டம்பர் இறுதியில் ஜோஹோ நிறுவனத்தின் செய்திச் செயலியான 'அரட்டை'க்கு அப்படி ஓர் அலை வந்தது. அந்த அலை எழுந்தபோது அரட்டையின் எழுத்துச் செய்திகளுக்கு முனைக்கு முனை குறியாக்கம் இன்னும் வந்திருக்கவில்லை. ஆனாலும் கூட்டம் போனது, ஏனென்றால் அழைத்தது சுதேசி உணர்வு. இத்தகைய அலையைப் பார்த்துச் சந்தை இருக்கிறது என்று நம்பி வேலையை விட்டுத் தொழில் தொடங்குகிறவர்கள் உண்டு. அலையன்று எத்தனை பேர் இறக்கினார்கள் என்று எண்ணுவதில் பயனில்லை. குலக்கோயில் புள்ளிக் குழு, கல்யாண வீட்டுக் குழு, பள்ளித் தோழர் குழு, இந்த மூன்றில் ஒன்றாவது முழுசாக இடம் மாறியதா என்று நாற்பதாம் நாள் பார்க்க வேண்டும். குழுவில் ஓர் ஆச்சி மாறவில்லை என்றால் மற்ற எல்லோரும் திரும்பி அவர் இருக்கிற இடத்துக்கே வருவார்கள்.

இனி வருவது தொழில்நுட்பம். உண்மையிலேயே நல்ல குழுக்கள் உடைவது இங்கேதான், ஆகவே சற்று நின்று சொல்கிறேன்.

நிறுவனத்தாலேயே படிக்க முடியாது என்றால், கடவுச்சொல் மறந்தால் நிறுவனத்தால் மீட்கவும் முடியாது. விளம்பரத்தில் முதல் பாதி மட்டும் வரும். வாட்ஸ்அப் 2021-ல் காப்புப் பிரதிக்குக் குறியாக்கம் கொடுத்தபோது, ஒன்று கடவுச்சொல், இல்லையேல் 64 இலக்கச் சாவி என்று வைத்தது. அறுபத்து நாலு இலக்கத்தை யார் எங்கே எழுதி வைப்பார்? வீட்டுப் பெட்டகத்துக்குள் வைத்த காகிதம் வெள்ளையடிக்கும்போது போய்விடும். பிட்காயின் உலகத்திலிருந்து வந்த இன்னொரு முறை, 2,048 எளிய சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து 12 அல்லது 24 சொல்லை எழுதி வைப்பது. நல்ல முறை. ஆனால் அந்த அதிகாரப்பூர்வப் பட்டியல்களில் தமிழ் இல்லை. அப்பத்தாவை ஆங்கிலச் சொல் பன்னிரண்டை எழுத்துப் பிசகாமல் எழுதச் சொல்வதைவிட, தமிழ்ப் பட்டியல் ஒன்றை நாமே செய்துகொள்ளலாம். செய்யும்போது ண, ன, ந மயக்கமும் ர, ற மயக்கமும் வரும் சொற்களை விலக்க வேண்டும், முதல் மூன்று எழுத்திலேயே ஒவ்வொரு சொல்லும் பிரிந்து நிற்க வேண்டும்.

கடவுச்சொல்லையே தமிழில் வைக்க விட்டால் வேறொரு பள்ளம் இருக்கிறது. 'கோ' என்ற எழுத்து கணினிக்குள் இரண்டு விதமாகப் போகலாம்: க-வோடு ஓகாரக் குறி ஒன்றாக, அல்லது க-வோடு ஏகாரக் குறியும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றே. ஆனால் குறியாக்கச் சாவி பைட்டுகளிலிருந்து பிறக்கிறது, ஆகவே இரண்டு விசைப்பலகை இரண்டு சாவியைத் தரும். பழைய போனில் திறந்தது புதுப் போனில் திறக்காது. வாடிக்கையாளர் தன் நினைவையே சந்தேகிப்பார். சாவி உருவாக்கும் முன் யூனிகோட் சீர்படுத்தலை, அதாவது ஒரே எழுத்தின் இரு வடிவத்தை ஒன்றாக்குவதை, ஒருமுறை ஓட்டினால் இது சரியாகும். சீர்படுத்தலாலும் தீராதது ஒன்று உண்டு: 'ஶ்ரீ'. அதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் ஒரே வடிவம், யூனிகோடுக்கு இரண்டும் வேறு வேறு. பெயரை வைத்துக் கடவுச்சொல் போடுகிற நாட்டில் இது சின்ன விஷயமில்லை. ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பும் ளகரமும் தட்டுகிறவர்களும் உண்டு. நிரலில் கையால் ஒரு மாற்று அட்டவணை எழுதி, எந்த வடிவில் தட்டினாலும் ஒன்றாக்கிய பிறகுதான் கடவுச்சொல்லிலிருந்து சாவி செய்கிற ஆர்கான்2 போன்ற முறைக்கு அனுப்ப வேண்டும். அந்த அட்டவணையைப் பின்னால் மாற்றினால் ஏற்கெனவே பூட்டியவை திறக்காமல் போகும். ஆகவே அதற்குப் பதிப்பு எண் கொடுத்து, எந்தப் பதிப்பில் பூட்டியது என்பதைக் கோப்போடு சேர்த்து எழுதி வைக்க வேண்டும்.

சாவியைப் பகிர்ந்து வைப்பது அடுத்த யோசனை. ஆதி ஷமீர் 1979-ல் சொன்ன முறைப்படி ஒரு சாவியை ஐந்து துண்டாக்கி, ஏதாவது மூன்று சேர்ந்தால் திறக்கும்படி செய்யலாம். கோயில் உண்டியலுக்கு இரண்டு பூட்டு போட்டுச் சாவிகளை வெவ்வேறு கையில் வைப்பது போல. கேட்கும்போதே நம் ஊர்க்காரருக்குப் புரிகிறது, ஆகவே குழு மகிழ்ந்துபோய் ஐந்து உறவினர் பெயரைக் கேட்கும் திரையைச் செய்துவிடும். அந்த ஐந்து பேர் யார்? அண்ணன், தம்பி, மச்சினன், மருமகன், சித்தப்பா மகன். யாரிடமிருந்து மறைக்கப் பூட்டினாரோ அவர்களில் மூன்று பேர் சேர்ந்தால் திறந்துவிடலாம். குடும்பத்துக்கு வெளியே குறைந்தது இருவர், ஆடிட்டரோ வக்கீலோ பழைய நண்பரோ, இருந்தே ஆக வேண்டும் என்று செயலி கட்டாயமாக்க வேண்டும். மீட்பு தொடங்கியதும் உரியவருக்கு உடனே தகவல் போய், பதினைந்து நாள் கழித்தே திறக்கும்படி காலப்பூட்டு வைக்க வேண்டும். உரியவர் இறந்துபோனால் என்ன என்பதற்கும் அதே பதினைந்து நாள் உதவும்.

பயன்படுத்துவதன் கடினம் புதிய கண்டுபிடிப்பல்ல. ஆய்வாளர்கள் அல்மா விட்டனும் டைகரும் 1999-லேயே மின்னஞ்சல் குறியாக்க மென்பொருளைப் பன்னிரண்டு பேரிடம் கொடுத்து 90 நிமிடம் பார்த்தார்கள். சரியாகக் குறியாக்கி அனுப்பியவர் மூன்றில் ஒரு பங்கு. ரகசியத்தைத் தெரியாமல் அப்படியே திறந்தபடி அனுப்பியவர் கால் பங்கு. அவர்கள் படித்தவர்கள், மின்னஞ்சல் பழகியவர்கள்.

இன்னொரு துன்பத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. தரவே சேகரிக்க மாட்டோம் என்று உறுதி கொடுத்த நிறுவனத்துக்குத் தன் வாடிக்கையாளர் எங்கே இடறுகிறார் என்றும் தெரியாது. மற்ற செயலிக்காரர் எந்தத் திரையில் எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்று மறுநாள் காலையில் பார்த்துத் திருத்துவார். இவர்களுக்கு இருட்டு. ஆறு மாதம் கழித்துப் புதுப்பித்தல் வராதபோதுதான் தெரியும், அதுவும் ஏன் என்று தெரியாது. பல குழுக்கள் இந்த இருட்டைக் கொள்கைப் பெருமையாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. எனக்கு அது ஒப்புதல் இல்லை. பார்க்க நேர்மையான வழிகள் இருக்கின்றன. பிளே ஸ்டோர் தருகிற மொத்த எண்ணிக்கையில் நிறுவியவர், நீக்கியவர் கணக்கு இருக்கும். சர்வரில் ஆள் அடையாளம் இல்லாமல் வெறும் நாள் எண்ணிக்கை வைக்கலாம். எல்லாவற்றிலும் மேலானது நேரில் உட்கார்வது. காரைக்குடி செக்காலை சாலையில் ஒரு கடையில் அனுமதி கேட்டு அரை நாள் ஓரமாக உட்கார்ந்து, அவர் கையில் செயலியைக் கொடுத்து, வாயைத் திறக்காமல் பார்ப்பது. எங்கே விரல் நிற்கிறது, எங்கே பையனைக் கூப்பிடுகிறார் என்று நோட்டில் குறிக்க வேண்டும். பையனைக் கூப்பிட்ட இடத்தில் அந்தரங்கம் போய்விட்டது என்று அர்த்தம்.

மலிவுப் போன்கள் பேட்டரி சேமிப்பதற்காகப் பின்னணிச் செயலிகளை நிறுத்திவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கூகுளின் அறிவிப்புச் சேவையைத் தொட மாட்டோம் என்று கொள்கை வைத்தால் செய்தி மூன்று மணி நேரம் தாமதமாக வரும். அனுப்புகிறவர் அதற்குள் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். உள்ளடக்கம் ஒன்றும் வைக்காமல் வெறும் 'எழுப்பு' என்ற குறிப்பை மட்டும் கூகுள் வழியாக அனுப்பி, செய்தியைத் தன் சர்வரிலிருந்து எடுத்துக்கொள்வது நடுவழி.

வாங்குகிறவர் சோதித்துப் பார்க்க முடியாத சரக்கு என்பதும் பெரிய தடை. ஆத்தங்குடித் தரைக் கல்லைத் தட்டிப் பார்க்கலாம், கண்டாங்கிச் சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். குறியாக்கத்தை எப்படிப் பார்ப்பது? எல்லாச் செயலியும் '100% பாதுகாப்பு' என்றுதான் போடுகிறது. பொருளாதாரத்தில் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-ல் பழைய கார்ச் சந்தையை வைத்துச் சொன்னது இதற்கும் பொருந்தும்: நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய முடியாத இடத்தில் நல்லதற்கு உரிய விலை கிடைக்காது. நிரலைத் திறந்து வைத்திருக்கிறோம், வெளியாளைக் கொண்டு தணிக்கை செய்திருக்கிறோம் என்றால் கடைக்காரர் அதைப் படிக்கப் போவதில்லை. ஆனால் அவர் நம்புகிற ஒருவர் இருக்கிறார், ஆடிட்டர். "அண்ணே, இதில் போடலாமா?" என்று அவரிடம்தான் கேட்பார்.

அந்த ஆடிட்டர் அலுவலகத்தையே சந்தையாக வைத்திருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். வாடிக்கையாளரின் பான் அட்டை, வங்கி அறிக்கை, சொத்துப் பத்திரம் எல்லாம் வாட்ஸ்அப்பில் உதவியாளர் போனுக்கு வருகின்றன. உதவியாளர் வேலையை விட்டுப் போனால் போனும் போகிறது, அதோடு இருநூறு குடும்பத்தின் கணக்கும் போகிறது. மறுமாதம் அவர் எதிர்த்தெரு அலுவலகத்தில் சேர்கிறார். யாரிடமிருந்து காக்க வேண்டும் என்பதற்கு இங்கே பெயரும் முகமும் இருக்கிறது. 1949-ஆம் ஆண்டு சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி, வாடிக்கையாளர் தகவலை அவர் ஒப்புதல் இல்லாமல் வெளியிடுவது தொழில் ஒழுங்கீனம். ஆகவே ஆடிட்டருக்கு இழக்க ஏதோ இருக்கிறது. பணம் கொடுப்பவரும் பயன் பெறுபவரும் ஒரே ஆள். வாடிக்கையாளர் எதையும் நிறுவ வேண்டாம்: ஓர் இணைப்பைத் தொட்டுப் படம் எடுத்து அனுப்பினால் நேரே அலுவலகக் கோப்பில் விழ வேண்டும், உதவியாளரின் போனில் தங்கக் கூடாது. அலுவலகத்துக்கு மாதம் 1,000 ரூபாய் என்றால், முன் சொன்ன நடையாள் ஒருவரின் செலவை 40 அலுவலகத்துக்குள் தாங்கிவிடலாம். காரைக்குடி, தேவகோட்டை, சிவகங்கை, புதுக்கோட்டை என்று சுற்றினால் எட்டக்கூடிய எண். விற்கும்போது 'தனியுரிமை' என்ற சொல்லையே எடுக்க வேண்டியதில்லை. ஜூலை மாதம் ஆவணம் தேடி அலைய வேண்டாம் என்பதே வாசகம்.

சட்டம் சந்தையை உண்டாக்கும் என்று காத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன, பெரும்பாலான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஆனால் தனிமனிதர் சொந்த, வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. குடும்பப் பெட்டகம் விற்கிறவருக்கு இதனால் ஒரு வாடிக்கையாளரும் கூட மாட்டார். மருத்துவமனை, நிதி நிறுவனம், பள்ளி, ஆடிட்டர், அவர்கள் பக்கம்தான் காற்று.

நிரல் எழுதும் முன் சந்தையைச் சோதிக்கப் பெரிய செலவு ஆகாது. இரண்டு வாரம், இருபது அலுவலகம், ஒரு காகிதப் படிவம். படிவத்தில் மூன்றே கேள்வி: சென்ற ஒரு வருடத்தில் யாருக்குத் தெரியக் கூடாத எது யாருக்குத் தெரிந்தது? அதனால் என்ன நட்டம்? அதற்குப் பிறகு என்ன மாற்றம் செய்தீர்கள்? மூன்றாவது கேள்விக்கு 'ஒன்றும் செய்யவில்லை' என்று வந்தால் அவர் வாங்க மாட்டார், எவ்வளவு தலையாட்டினாலும். 'பீரோ வாங்கினேன்', 'ஆளை மாற்றினேன்', 'தனி போன் வாங்கிக் கொடுத்தேன்' என்று வந்தால் அவர் ஏற்கெனவே காசு செலவழித்திருக்கிறார். அவரிடம் 500 ரூபாய் முன்பணம் கேட்டு, ரசீது எழுதிக் கொடுத்து, மூன்று மாதத்தில் பொருள் வராவிட்டால் திருப்பித் தருவதாகச் சொல்ல வேண்டும். இருபதில் ஐந்து பேராவது பணம் எடுத்து வைத்தால் நிரல் எழுதலாம். ஐந்துக்குக் கீழே என்றால் வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு தெருவுக்குப் போக வேண்டும்.

எல்லாம் செய்தும் மூட நேர்ந்தால், மூடுகிற விதத்திலும் வேலை இருக்கிறது. குறைந்தது 90 நாள் முன் அறிவிப்பு, அதையும் செயலிக்குள் மட்டும் வைக்காமல் கடிதமாகவும் அனுப்ப வேண்டும். பாதிப்பேர் செயலியைத் திறந்தே மாதக்கணக்காகியிருக்கும். ஆவணங்களை இறக்கிக்கொள்ள ஒரே பொத்தான், இறங்குவது எந்தக் கணினியிலும் திறக்கிற சாதாரண பிடிஎஃப் ஆக இருக்க வேண்டும். மீதி மாதங்களுக்கான பணத்தை வந்த வழியே திருப்ப வேண்டும். இறக்கிக்கொள்ளாதவர்களைப் பட்டியலிட்டுத் தொலைபேசியில் கூப்பிட வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அவர்கள் நேரம் பார்த்து. தொண்ணூறாம் நாள் கழித்து இன்னொரு 30 நாள் சர்வரை மூடாமல் வைத்து, அதன் பிறகு முதலில் சாவிகளையும், அடுத்துக் கோப்புகளையும், கடைசியாகக் காப்புப் பிரதிகளையும் அழிக்க வேண்டும். காப்புப் பிரதி வைத்திருக்கிற மேகச் சேவையில் நீக்கியவை சில வாரம் குப்பையில் கிடக்கும், அதையும் காலி செய்தாயிற்றா என்று தேதி போட்டு எழுதி, அந்தக் காகிதத்தின் நகலை ஒவ்வொரு வாடிக்கையாளர் வீட்டுக்கும் அனுப்பி வைக்க வேண்டும்.